நல்லெண்ணமும் நழுவிய ஸ்பேனரும்



நல்லதைச் செய்ய நினைத்து ஒரு காரியத்தில் கைவைக்கிறோம். கைவைத்த இடத்தில் கெடுதல் நேர்ந்துவிடுகிறது. உடனே நம் வாயில் வருவது என்ன? “நல்லதுக்குத்தானே செய்தேன்” என்னும் ஒரே வாக்கியம். தகப்பன் சொல்லுகிறான், ஆசிரியர் சொல்லுகிறார், மாமியார் சொல்லுகிறாள், பங்குக் குருவும் சொல்லுகிறார். எல்லாப் பூட்டையும் திறக்கும் சாவிபோல இவ்வாக்கியத்தை மடியில் முடிந்துகொண்டு திரிகிறோம். இது மெய்யாகவே நம்மைக் குற்றத்தினின்று விடுவிக்குமா? நல்லெண்ணம் ஒன்று இருந்தால் போதுமா? இவ்வாரம் உங்களோடு சேர்ந்து யோசிக்க விரும்பும் கேள்வி இதுவே.

கேள்வி பெரியது, அது என்னிடம் வந்து சேர்ந்த வழியோ மிகச் சிறியது. ஒரு மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தில், விரல் நீளமுள்ள ஒரு கீறலாக அது வந்து சேர்ந்தது. நடந்ததைச் சொல்லுகிறேன், கேளுங்கள்.

நம் பங்கில் ஒரு வாலிபன். அவன் தகப்பனார் இறந்து வருஷங்கள் பல ஆயின. அவர் ஓட்டிய யமஹா ஆர்.எக்ஸ். 100 வண்டி வீட்டுத் தாழ்வாரத்தில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. 1985-இல் நம் நாட்டில் வெளிவந்து, 1996-இல் உற்பத்தி நின்றுபோன வண்டி அது. 98 சி.சி. இஞ்சின்தான், என்றாலும் அதன் சத்தத்தைக் கேட்டாலே தெருவில் யார் வருகிறார் என்று தெரிந்துவிடும். “அப்பா வர்ற சத்தம் கேட்டா நாங்க புத்தகத்தை எடுத்துடுவோம்” என்று அவன் தங்கை சொல்லுவாள். இனிக் கடையில் புதிதாக வாங்க முடியாத வண்டி. வாங்க முடிந்தாலும் அது தகப்பனுடைய வண்டி ஆகாது. ஆகவே அதைப் புதுப்பிக்க வேண்டும் என்று அவன் தீர்மானித்தான். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, ஒவ்வொரு பாகமாகக் கழற்றி, துருவைப் போக்கி, சட்டத்துக்குப் பூச்சுக் கொடுத்து, போல்ட்டு நட்டுகளுக்கு முலாம் போட்டு, சக்கரத்தின் நடுவேயுள்ள அலுமினியக் குடத்தைக் கண்ணாடிபோல் பஃபிங் செய்து வைத்திருந்தான்.

ஒரு சாயங்காலம் அவன் தாயைக் கண்டுவரப் போனேன். பையன் பாயை விரித்து, பின்சக்கரத்தைக் கிடத்தி, சங்கிலியைத் தாங்கி ஓடும் பல்சக்கரத்தை அதிலே பூட்டிக்கொண்டிருந்தான். பட்டறைக்காரர் அதை ஸ்பிராக்கெட் என்பார்கள். என் தாய்மாமன் பட்டறை வைத்திருந்தவர். பள்ளி விடுமுறைகளை அங்கேயே கழித்தவன் நான். கை சும்மா இருக்குமா? “கொடு தம்பி, நான் முடுக்கித் தருகிறேன், நீ போய் அம்மாவுக்குக் காப்பி கொண்டுவர ஒத்தாசை செய்” என்று சொல்லி, பக்கத்தில் கிடந்த ஒரு ஸ்பேனரை எடுத்தேன்.

அது வாய் திறந்த ஸ்பேனர். நட்டின் அளவுக்குச் சற்றுப் பெரியது. மாட்டும்போதே லேசாக ஆடியது. ஆடுகிறது என்று எனக்குத் தெரிந்தது. “பரவாயில்லை, இன்னும் கால் சுற்றுதானே” என்று அழுத்தினேன். ஸ்பேனர் நழுவிற்று. அவன் நாட்கணக்கில் தேய்த்துப் பளபளப்பாக்கிய குடத்தின்மேல் ஒரு கீறல் விழுந்தது.

இனி நான் சொல்லப்போவதைச் சொல்லக் கூச்சமாய்த்தான் இருக்கிறது. பையன் இன்னும் உள்ளேதான் இருந்தான். சக்கரத்தை அரைவட்டம் திருப்பிவிட்டால் கீறல் அடிப்பக்கம் போய்விடும். இரண்டு நாள் கழித்துப் பார்த்தாலும் எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியாது. ஒரு கணம் என் கை சக்கரத்தை நோக்கிப் போனது என்பது உண்மை. அதற்குள் அவன் டம்ளரோடு வந்து நின்றான். சொன்னேன். அவன் குனிந்து, கட்டைவிரலால் அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்தான். “பரவாயில்ல சாமி” என்றான். அவன் குரல் அப்படிச் சொல்லவில்லை. தாய்தான் வாசற்படியிலிருந்து சமாதானப்படுத்தினாள்: “நல்லதுக்குத்தானே செஞ்சீங்க, சாமி.”

அந்த வாக்கியம் அப்போது எனக்கு ஆறுதலாயிருந்தது. இரவில் அதுவே என்னைத் தூங்கவிடவில்லை.

நிற்க. என் கேள்விக்கு விடை தேடுமுன், அந்த வேலை எத்தகையது என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். வேலையின் தன்மை தெரியாமல் வேலைக்காரனின் குற்றத்தை எடைபோட முடியாது.

இஞ்சினின் வலிமை முழுவதும் சங்கிலி வழியாய் வந்து, இந்தப் பல்சக்கரத்தின் மூலமாகவே பின்சக்கரத்தைச் சேருகிறது. பல்சக்கரத்தைக் குடத்தோடு சேர்த்துப் பிடித்திருப்பவை சில போல்ட்டுகளே. அவை எப்படிப் பிடிக்கின்றன? போல்ட் ஒரு முளைபோலக் குறுக்கே நின்று தடுக்கிறது என்றுதான் பலரும் எண்ணுவார்கள். அப்படியன்று. நட்டை முடுக்கும்போது போல்ட் கண்ணுக்குத் தெரியாத அளவு நீளுகிறது. நீண்ட ரப்பர் சுருங்கப் பார்ப்பதுபோல் அந்த எஃகும் சுருங்கப் பார்க்கிறது. அந்த இழுப்பினால் பல்சக்கரமும் குடமும் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்ளுகின்றன. பாரத்தைச் சுமப்பது பெரும்பாலும் அந்தப் பற்றுதலே. பற்றுதல் தளர்ந்தால் சக்கரம் துளைக்குள் முன்னும் பின்னும் அசையும், துளை பெரிதாகும், போல்ட் அறுபடும், சங்கிலி கழன்று சக்கரத்தில் சிக்கினால் ஓட்டுகிறவனின் உயிருக்கே ஆபத்து. ஆகவே இறுக்கமாக முடுக்குவது விருப்பமன்று, கடமை.

இன்னொரு பக்கம், பூச்சு. அது வெறும் ஆடம்பரந்தானே என்று சிலர் கேட்கலாம். அல்ல. நட்டு போல்ட்டின்மேல் துத்தநாக முலாம் 5 முதல் 12 மைக்ரான் பருமன்தான் இருக்கும். அதாவது ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கிட்டால் அதில் 5 அல்லது 12 பங்கு. இரும்பைத் துரு தின்னாதபடி அந்த மெல்லிய போர்வை தன்னையே தின்னக் கொடுக்கிறது. சட்டத்தின்மேல் இட்ட தூள்பூச்சு 60 முதல் 80 மைக்ரான். ஏறக்குறைய ஒரு தலைமயிரின் பருமன். அது கீறினால் ஈரம் உள்ளே நுழையும். மேலே பளபளப்பு இருக்கும்போதே அடியில் துரு பரவும். அலுமினியக் குடத்தில் விழுந்த கீறல் துருப்பிடிக்காதென்றாலும், அதிலே ஒரு பிள்ளையின் பல நாள் உழைப்பும், தகப்பனை மறவாத நினைவும் இருக்கின்றன. பிறருடைய உழைப்பைக் கெடுப்பதும் ஒரு நஷ்டமே.

ஆகவே இந்தச் சிறு வேலையில் இரண்டு கடமைகள் கைகோத்து நிற்கின்றன: தளராமல் முடுக்க வேண்டும், முடுக்கும்போது கீறாமலும் இருக்க வேண்டும். மனிதரைத் திருத்துகிற வேலையிலும் இவ்விரண்டும் இப்படியே நிற்கின்றன அல்லவா?

இனி என் குற்றத்துக்கு வருவோம். கெடுதல் மூன்று வழியாய் நேரலாம். நல்ல ஸ்பேனர் உள்ளே மறைந்திருந்த வெடிப்பினால் முறிந்து கீறியிருந்தால், அது விபத்து, என்மேல் குற்றமில்லை. ஸ்பேனரையே அறியாத ஒருவன் கேட்டதற்காகப் பிடித்துக் கீறியிருந்தால், அது அறியாமை. குற்றம் இருந்தாலும் கொஞ்சமே. எனக்கு நேர்ந்தது இவ்விரண்டுமல்ல. ஸ்பேனர் ஆடுகிறது என்று என் கைக்குத் தெரிந்தது, தெரிந்தும் அழுத்தினேன். சரியான ஸ்பேனர் நாலடி தூரத்தில் பெட்டிக்குள் இருந்தது, எழுந்துபோக அலுப்புப்பட்டேன். இதற்குப் பெயர் அஜாக்கிரதை. 13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அக்வினாஸ் தோமாஸ் என்னும் மேதை, அவசரத்தையும் அஜாக்கிரதையையும் விவேகம் என்னும் புண்ணியத்துக்கு விரோதமான குறைகளின் வரிசையிலேயே வைத்தார். நோக்கம் நல்லதாயிருப்பதனால் அவை நோக்கத்தின் நிழலில் ஒளிந்துகொள்ள முடியாது.

இன்னும் தெளிவாகச் சொல்லுகிறேன். “நல்லதுக்குத்தானே செய்தேன்” என்பது, நான் தீங்கு நினைக்கவில்லை என்பதற்குச் சாட்சி சொல்லும். அதற்கு மேல் அது ஒன்றும் சொல்லாது. ஒருவனுக்கு மெய்யாகவே நன்மை விரும்புகிறவன், அந்த நன்மை அவனைச் சேதமின்றிச் சேரவேண்டும் என்பதையும் விரும்புவான். எப்படிச் செய்வது என்ற கவலை நல்லெண்ணத்துக்கு வெளியே இருப்பதன்று. அதன் பாதி அதுவே. அந்தக் கவலை இல்லாத எண்ணம், நல்ல எண்ணமாயிருந்தாலும், அரைகுறை எண்ணம்.

இங்கே ஒருவர் எழுந்து மறுக்கலாம்: “அப்படியானால் ஒன்றையும் தொடாமலே இருந்துவிடுவது நலம். தொட்டால்தானே கீறும்?” இந்த மறுப்பை அசட்டை செய்யக்கூடாது, நம்மில் அநேகர் இப்படியே வாழ்கிறோம். பூச்சுக்குப் பயந்து நட்டைப் பாதியிலே விட்டவன் வண்டியைக் கீறவில்லை; ஓட்டுகிறவனை ஆபத்தில் தள்ளிவிட்டான். மகன் கெட்ட சகவாசத்தில் விழுவதைக் கண்டும், வீட்டில் முகம் வாடக்கூடாது என்று மௌனமாயிருக்கும் தாயும் அப்படியே. இறுக்கமா, பளபளப்பா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டிய நிலை வந்தால், சந்தேகமின்றி இறுக்கத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பூச்சு வண்டிக்காக, வண்டி மனிதனுக்காக. இந்த வரிசையை மாற்றக்கூடாது.

இந்த வரிசையை மாற்றினால் என்ன நேரும் என்பதற்கும் பட்டறையே பாடம் சொல்லுகிறது. அழகுக்காகச் சிலர் குடத்தில் பல்சக்கரம் வந்து உட்காரும் முகத்துக்கும் சேர்த்துத் தடிப்பாகப் பூச்சு அடித்துவிடுவார்கள். அன்று பார்க்க வெகு நேர்த்தி. ஆனால் அந்தப் பூச்சு அழுத்தத்தில் நாளுக்குநாள் நசுங்கும். நசுங்கிய அளவுக்குப் போல்ட்டின் இழுப்பும் தளரும். ஆகவே விவரம் தெரிந்தவர்கள் அந்த முகத்தைப் பூச்சுக்கு முன்பே நாடா ஒட்டி மறைத்து, சுத்தமான உலோகமாகவே வைப்பார்கள். வெளியே தெரியாத இடம் அலங்காரத்துக்கல்ல, உண்மையாகப் பொருந்துவதற்கே.

இதைவிட ஆச்சரியமான காரியம் ஒன்று உண்டு. மிகக் கடினமான எஃகுப் போல்ட்டை மின்முலாம் பூசுவதற்காக அமிலத்தில் முக்கும்போதும், முலாம் ஏறும்போதும், ஹைட்ரஜன் என்னும் வாயு அந்த எஃகுக்குள் நுழைந்துவிடுகிறது. வெளியே கண்ணாடிபோல் மின்னும். உள்ளே அது நொறுங்கும் தன்மை கொண்டுவிடும். முடுக்கியபோது ஒன்றும் தெரியாது. மணிக்கணக்கோ நாட்கணக்கோ கழித்து, முன்னறிவிப்பின்றி முறியும். அதனால்தான் முலாம் ஏறிய உடனே அத்தகைய போல்ட்டுகளை ஏறக்குறைய 200 டிகிரி வெப்பத்தில் பல மணி நேரம் வாட்டி அந்த வாயுவை வெளியேற்றுவார்கள். அந்தக் காத்திருப்பைச் சகிக்காதவன் பளபளப்பை வாங்கிக்கொண்டு பலத்தை விற்றுவிடுகிறான். பிறர் மெச்சவேண்டும் என்பதற்காகப் பிள்ளைகளை மிதமிஞ்சி வருத்திப் பளபளப்பாக்கும் பெற்றோர் இதைச் சற்று நினைத்துப் பார்ப்பார்களாக.

சரி, தொடாமலும் இருக்கக்கூடாது, கீறவும் கூடாது என்றால் வழி என்ன? மறுநாள் மாலை அந்த வாலிபன் தன் தகப்பனாருக்குப் பழக்கமான ஒரு வயதான மெக்கானிக்கை அழைத்து வந்திருந்தான். நானும் போய், இம்முறை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் செய்ததை உள்ளபடி சொல்லுகிறேன்.

முதலாவது, அவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை. போல்ட்டின் மரைகளை ஒவ்வொன்றாய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முலாம் மரைக்குள் தடித்திருந்த இரண்டை, மரை வெட்டும் டேப்பும் டையும் கொண்டு மெதுவாய்ச் சுத்தம் செய்தார். பொருந்தும் முகங்களைத் துணியால் துடைத்தார். குடத்தைச் சுற்றிலும் காகித நாடாவை இரண்டு அடுக்காய் ஒட்டினார். அரைமணி நேரம் போயிற்று; ஒரு நட்டுகூட ஏறவில்லை. “வேலை இதுதான் சாமி. முடுக்குறது கடைசி அஞ்சு நிமிஷம்” என்றார்.

இரண்டாவது, நட்டுகளை எல்லாம் விரலாலேயே ஏற்றினார். விரலுக்குப் போகாத ஒரு நட்டைக் கண்டதும், பலவந்தம் பண்ணாமல் பின்னுக்குத் திருப்பிக் கழற்றிவிட்டு, மறுபடி நேராக வைத்துத் தொடங்கினார். “விரலுக்கு வராதது ஸ்பேனருக்கு வந்தா, மரையைத் தின்னுக்கிட்டு வருதுன்னு அர்த்தம்.” எவ்வளவு உண்மை! விரலின் பலம் சொற்பம். அதனாலேயே அது பொய் சொல்லாது. ஸ்பேனரின் நீண்ட கைப்பிடி நம் பலத்தைப் பெருக்கிவிடும். கோணலாய் ஏறுவதைக்கூட நேராய் ஏறுவதுபோல் காட்டிவிடும். தகப்பன் என்ற அதிகாரமும், ஆசிரியர் என்ற அதிகாரமும், என்னுடைய அங்கியும் இத்தகைய நீண்ட கைப்பிடிகளே. அவற்றை எடுக்குமுன் விரலால் தொடங்கினோமா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது, அவர் எடுத்தது வாய் திறந்த ஸ்பேனரல்ல. நட்டின் ஆறு பக்கத்தையும் ஒருங்கே அணைக்கும் பாக்ஸ் ஸ்பேனர். வாய் திறந்தது இரண்டே பக்கத்தைப் பிடித்து, முனைகளை மழுக்கும். இது பாரத்தை ஆறு பக்கத்துக்கும் பகிர்ந்து கொடுக்கும். அதற்குள்ளும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளை வைத்து மாட்டினார். பிறகு போல்ட்டின் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு, நட்டை மட்டும் திருப்பினார். நட்டுக்கு அடியில் வழவழப்பான ஒரு வாஷர் இருந்தது.

ஏன் அந்த வாஷர்? இங்கே உங்களுக்கு ஒரு கணக்குச் சொல்லவேண்டும். பொறியியல் படித்தவர்கள் சொல்லுகிற பொதுவான கணக்கு இது. நாம் நட்டை முடுக்கக் கொடுக்கும் பலம் 100 பங்கு என்றால், ஏறக்குறைய 50 பங்கு நட்டின் முகம் உராய்வதிலேயே போய்விடும். 40 பங்கு மரைக்குள் உராய்வதில் போய்விடும். போல்ட்டை இழுத்துப் பிடிக்கும் உண்மையான வேலைக்கு மிஞ்சுவது 10 பங்கு, அல்லது அதைவிடச் சற்று அதிகம். பூச்சைச் சுரண்டுவது எது? பிடிக்கும் அந்தப் பத்துப் பங்கு அல்ல. முகத்தில் உராய்ந்து வீணாகும் ஐம்பது பங்கே. ஆகவேதான் நடுவில் ஒரு வாஷரை வைத்து, உராய்வை அது வாங்கிக்கொள்ளும்படி செய்கிறார்கள்.

இந்தக் கணக்கைக் கேட்ட நாளிலிருந்து என் வார்த்தைகளை நான் எண்ணிப் பார்க்கிறேன். சில வருஷங்களுக்கு முன், வேறோர் ஊரில், பாடகர் குழுவிலிருந்த ஒரு பையன் தொடர்ந்து தாமதமாய் வந்தான். ஒருநாள் எல்லார் முன்னிலையிலும் அவனைத் திருத்தினேன். சொன்னது சரியே. ஆனால் அதில் பையனுடைய மனத்தைச் சேர்ந்தது எத்தனை பங்கு? சுற்றியிருந்தவர்களின் முகங்களில் உராய்ந்து போனது எத்தனை பங்கு? அடுத்த வாரம் அவன் வரவில்லை. அவன் தாமதத்துக்குக் காரணம், காலையில் பால் ஊற்றப்போய் வீட்டுக்குச் சம்பாதித்தது என்று பிற்பாடுதான் அறிந்தேன். தனியாய் அழைத்து ஒரு கேள்வி கேட்டிருந்தால், அதுவே அந்த வாஷராய் இருந்திருக்கும். “நல்லதுக்குத்தானே” என்று அன்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நான்காவது, மெக்கானிக் எந்த நட்டையும் ஒரே மூச்சில் முடுக்கவில்லை. ஒன்றை லேசாய், அதற்கு நேர் எதிரிலுள்ளதை லேசாய், பின் குறுக்கே மற்றவற்றை. இப்படி மூன்று சுற்று வந்தார். ஒரு பக்கத்தை முதலிலேயே இறுக்கிவிட்டால் சக்கரம் கோணலாய் உட்காரும். பிறகு எவ்வளவு முடுக்கினாலும் நேராகாது. வீட்டிலே ஒரு பிள்ளையை மட்டும் எப்போதும் இறுக்கி, மற்றொன்றைத் தளர விட்டால் குடும்பமும் அப்படியே கோணலாய் ஓடும்.

ஐந்தாவது, முடிவில் டார்க் ரென்ச் என்னும் அளவு காட்டும் கருவியை எடுத்தார். தயாரித்தவர்கள் கைப்புத்தகத்தில் குறித்திருந்த அளவு வந்ததும் நிறுத்திவிட்டார். அந்த அளவு ஈரமற்ற மரைக்கா, எண்ணெய் இட்ட மரைக்கா என்றும் பார்த்தார். எண்ணெய் இட்ட மரையில் அதே பலம் போல்ட்டை அதிகம் இழுத்துவிடும். “இன்னும் கொஞ்சம் முடுக்கினால் நல்லதல்லவா?” என்று கேட்டேன். “அளவுக்கு மேல போனா போல்ட் நீண்டது நீண்டதுதான் சாமி, திரும்பச் சுருங்காது, அப்புறம் அது பிடிக்காது” என்றார். கடைசியாய், ஓரத்தை மடக்கிப் பூட்டும் லாக் வாஷர்களைப் புதிதாகவே போட்டார். பழையதை மறுபடி மடக்கினால் மடிப்பில் வெடித்துவிடும் என்பதால், ஒருமுறை மடங்கியதை அவர் நம்பவில்லை. மடக்குவதற்கும் கூரான உளியை எடுக்காமல், மழுங்கிய செப்புத் துண்டை வைத்துத் தட்டினார். செம்பு எஃகைவிட மென்மையானது. தவறினால் தான் நசுங்குமே தவிர எதிரிலிருப்பதைக் கீறாது.

அந்தச் செப்புத் துண்டைப் பார்த்தபோது, நான் குருமடத்தில் படித்த பழைய பாடம் ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில் தம் ஒழுக்க நூலில் நீதியைப் பற்றி எழுதும்போது, லெஸ்போஸ் தீவின் கட்டடக்காரர் ஈயத்தாலான ஓர் அளவுகோலைப் பயன்படுத்தியதை எடுத்துக்காட்டுகிறார். இரும்புக்கோல் கல்லின் மேடுபள்ளத்துக்கு வளையாது. ஈயக்கோல் கல்லின் வடிவத்தைத் தழுவி அளக்கும். சட்டம் பொதுவானது, மனிதரோ ஒவ்வொருவரும் ஒவ்வொரு வடிவம். அளவே இல்லாமல் விடுவது நீதியல்ல. அளவைக் கொண்டு மனிதனை நசுக்குவதும் நீதியல்ல. அளவும் வேண்டும், அது தழுவி அளக்கவும் வேண்டும் என்பதே அவர் கருத்து. 2,300 ஆண்டுகளுக்கு முன் அவர் ஈயத்தைக் காட்டிச் சொன்னதை, எங்கள் மெக்கானிக் செம்பைக் கொண்டு செய்தார்.

இப்போது கடைசிக் கேள்வி. இத்தனை கவனமாயிருந்தும், அல்லது கவனம் தப்பியதாலும், கீறல் விழுந்துவிட்டது, இனி என்ன?

கீறியவன் செய்யவேண்டியவை இரண்டு. ஒன்று, சக்கரத்தைத் திருப்பி வைக்காமல் உடையவனிடம் சொல்லுவது. நஷ்டம் சிறியதாயிருக்கலாம், மறைத்தால் அது நஷ்டத்தோடு வஞ்சகமும் ஆகிவிடும். அவன் நம்மைப் பிற்பாடு எதிலும் நம்பமாட்டான்; அதைவிட, நாமே நம்மை நம்பமாட்டோம். அன்று என் கை சக்கரத்தை நோக்கிப் போன அந்தக் கணந்தான் கீறலைவிட என்னைப் பயமுறுத்துகிறது. கீறலை என் அஜாக்கிரதை போட்டது. மறைப்பை நானே அறிந்து போட்டிருப்பேன்.

மற்றொன்று, ஈடுசெய்வது. “மன்னித்துக்கொள்” என்பது கடனை ஒப்புக்கொள்வது. கடனை அடைப்பது வேறு. மெக்கானிக் அந்தக் குடத்தைத் திரும்பப் பஃபிங்குக்கு அனுப்பலாம் என்றார். நான் சம்மதிக்கவில்லை. நாடாவை அகற்றி, கீறலைச் சுற்றித் தண்ணீர் தொட்டு, 400 நம்பர் உப்புத்தாளில் தொடங்கி, 600, 800, 1200 என்று படிப்படியாய் நானே தேய்த்தேன். பிறகு பாலிஷ் போட்டேன். இரண்டு சாயங்காலம் பிடித்தது. ஒவ்வொரு தாளும் முந்திய தாள் போட்ட கோடுகளை அழிக்க வேண்டும். அவசரப்பட்டு ஒரு நம்பரைத் தாண்டினால் பழைய கோடு பளபளப்புக்குள்ளேயே எட்டிப் பார்க்கும். கால் சுற்று அவசரத்தில் விழுந்ததை அழிக்க எவ்வளவு பொழுது! அந்தப் பையன் குடத்துக்கு எவ்வளவு உழைத்திருந்தான் என்பது என் விரல்களுக்கு அப்போதுதான் விளங்கிற்று. ஈடுசெய்வதில் ஒரு லாபம் உண்டு: நாம் கெடுத்தது எவ்வளவு பெரிது என்பதை அது நமக்குக் கற்பிக்கிறது.

கீறல் முழுவதும் மறைந்ததா? இல்லை. ஆழமாய் விழுந்த இடத்தில் சாய்த்துப் பார்த்தால் ஒரு மெல்லிய கோடு இன்னும் தெரிகிறது. இன்னும் தேய்க்கலாம் என்றேன். “போதும் சாமி, இதுக்கு மேல தேய்ச்சா அந்த இடம் பள்ளமாயிடும். இருக்கட்டும். யாராவது கேட்டா சாமி போட்டதுன்னு சொல்லிக்கிறேன்” என்று சிரித்தான். இம்முறை அவன் குரலும் சிரித்தது. வண்டி இப்போது ஓடுகிறது. நம் தெருவிலும் அந்தச் சத்தம் சில காலைகளில் கேட்கிறது.

அன்பர்களே, இவ்வாரத்தில் உங்களில் யாரேனும் ஒருவரைத் திருத்தவோ, ஒரு காரியத்தைச் சீர்படுத்தவோ கைநீட்டுவீர்கள். நீட்டத்தான் வேண்டும், தளர்ந்ததைத் தளர விடுவது அன்பல்ல. ஆனால் நீட்டுமுன் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: பொருந்தும் இடத்தைச் சுத்தம் செய்தேனா, காரணத்தை விசாரித்தேனா? விரலால் தொடங்கினேனா, எடுத்த எடுப்பிலே அதிகாரத்தை எடுத்தேனா? ஆடுகிற ஸ்பேனர் என்று தெரிந்தும் அலுப்பினால் அழுத்துகிறேனா? அளவு வந்ததும் நிறுத்த எனக்குத் தெரியுமா? முன்னே நான் போட்ட கீறல் ஏதேனும் இன்னும் சொல்லப்படாமல், திருப்பி வைக்கப்பட்டுக் கிடக்கிறதா?

கடைசிக் கேள்விக்கு ஆம் என்று பதில் வந்தால், அந்த வீட்டுக்கு இன்றைக்கே போங்கள். அந்தப் பாடகர் குழுப் பையனுடைய வீட்டுக்கு நான் போய்ச் சேர எட்டு மாதம் ஆயிற்று. அவன் கதவைத் திறந்து, உட்காரச் சொன்னான். இன்னும் சீக்கிரம் போயிருக்கலாம்.